உருளைப் புழுவும் அதன் பெயர்களும்

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் குடற்புழுவைப்பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகை விளைக்கக்கூடும். முல்லையும் நெய்தலும் பேசும் வகுப்பிலிருந்து வயிற்றுப் பூச்சிக்கு வந்தது ஏன் என அவர் வினவலாம். வினா நியாயமானதே. புழுவின் உடலைப்பற்றிப் பேசும் உரிமை விலங்கியல் பயில்வார்க்கே உரியது. ஆயினும், அப்புழுவுக்கு ஊரார் இட்ட பெயர், அறிஞர் இட்ட பெயர், மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயர் என்னும் இவற்றை ஆராயும் உரிமை சொல்லைப் பயில்வார்க்கும் உண்டு. அவ்வுரிமை ஒரு கடமையுமாம் என்பதை யான் உணர்ந்தது ஒரு மூதாட்டியினால். அதனை முதற்கண் கூறி மேற்செல்வேன்.

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் எம் கல்லூரி மாணவர் சிலர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். சிறார்க்குக் குடற்புழு நீக்கும் மாத்திரை வழங்கும் நாள் அண்மித்திருந்தது. 1 முதல் 19 அகவை வரையுள்ளார்க்கு அல்பெண்டசோல் என்னும் மாத்திரையை ஒருநாள் குறித்து வழங்கும் இவ்வழக்கம் 2015-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடைபெற்று வருகின்றது. (அம்மாத்திரைக்கு யானும் அகவையால் உரியவனே என்பதைக் கூறாது விடின் வகுப்புத் தோழர் கூறிவிடுவர்.) தாய்மார்க்குப் படித்துக் காட்டுமாறு அச்சிட்ட ஓர் அறிக்கை எம்மிடம் தரப்பட்டது. தமிழ் மாணவன் என்பதால் படிக்கும் பணி எனக்கு வந்தது. "வட்டப் புழு, கொக்கிப் புழு ஆகியவற்றை இம்மருந்து நீக்கும்" என யான் படித்து முடித்ததும், திண்ணையோரம் பேரனை மடியில் வைத்திருந்த ஆச்சி ஒருவர் எழுந்தார்.

"ஏய்யா, வட்டமா ஒரு புழு உண்டுமா? எம் பேரனுக்கு இருக்கது நாக்குப்பூச்சில்லா! அதுக்கு இந்த மாத்திரை ஆகாதுபோல" என்று கூறிப் பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

எனக்கு விடை தோன்றவில்லை. வட்டப் புழு என்றால் யாதென யானும் அறிந்திலேன். அச்சிட்டிருந்ததைப் படித்தேன், அவ்வளவே. உடன் வந்த விலங்கியல் மாணவர் ஓடிச்சென்று, "ஆச்சி, அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று தடுத்திராவிடில், எந்தப் புழுவுக்காக அம்மருந்து வந்ததோ அந்தப் புழுவையே வயிற்றில் உடைய சிறுவன் மருந்தின்றிப் போயிருப்பான். ஒரு சொல் செய்த தீங்கு அது.

பெயரும் காரணமும்

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படுத்தி, அவை பொதுவாயும் சிறப்பாயும் வருமென்பர். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை என்பது பறத்தலாகிய காரணம்பற்றி வந்த பொதுப்பெயர். மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், புழு என்பது இடுகுறி. சாட்டைப்புழு, கொக்கிப்புழு, நரம்புச்சிலந்தி என்பன காரணப்பெயர்கள்.

இடுகுறிப்பெயர் பொய் கூறாது. அஃது ஒன்றும் கூறுவதில்லை ஆகலின். காரணப்பெயரோ பொருளைப்பற்றி ஒரு செய்தியைச் சுமந்து வருகின்றது. அச்செய்தி மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், பாதி கூறி நிற்பதாகவும் இருக்கலாம். கவிதையில் வரும் மலர்ப்பெயராயின் இவ்வேறுபாட்டால் ஒருவர்க்கும் இழப்பில்லை. நோய் தரும் உயிரின் பெயராயின், அவ்வேறுபாடு ஒரு குழந்தையின் உடல்நலத்தைத் தொடுகின்றது. மண்வழிப் பரவும் குடற்புழுக்களை உடையோர் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் என உலக நல நிறுவனம் கணக்கிட்டிருப்பதை நினைக்குங்கால் இது சிறிய செய்தியன்று என்பது விளங்கும். ஆகலின் இப்புழுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை கூறும் காரணம் மெய்யோ என ஆராய்வோம்.

வட்டமோ, உருளையோ

அறிக்கையில் வந்த வட்டப் புழு என்னும் பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ரவுண்டு' என்னும் ஒரே சொல் பல வடிவங்களைக் குறிக்கும். தமிழில் அவ்வாறன்று. அப்பளம் வட்டம், எள்ளுருண்டை உருண்டை, அம்மிக் குழவி உருளை. அடுக்களையில் நிற்கும் சிறுமியும் இம்மூன்றையும் மயங்கக் கூறாள். 'ரவுண்டு' என்பதைக் கண்டவுடன் வட்டம் என எழுதியவர் சொல்லை மொழிபெயர்த்தார், பொருளை நோக்கினாரல்லர். வட்டப்புழு என்பதைப் பண்புத்தொகையாக விரித்தால் 'வட்டமாகிய புழு' என்றே பொருள்படும். அப்படியொரு புழு உண்டோ என வினவிய ஆச்சி தமிழிலக்கணம் தவறாமல் வினவினார் என்க.

இனிப் பொருளை நோக்குவோம். இவ்வினத்துப் புழுவின் உடல் நீண்டு, திரண்டு, இரு முனையும் கூர்த்திருக்கும். குறுக்கே அரிந்து நோக்கின் வெட்டுமுகம் வட்டமாகத் தோன்றும். தட்டையாய் நாடாப் போன்றிருக்கும் வேறொரு குடற்புழுவிலிருந்து இதனைப் பிரித்தறியவே 'ரவுண்டு' என்னும் அடை எழுந்தது. எனவே வட்டம் வெட்டுமுகத்தின் வடிவம். உருளை உடலின் வடிவம். உருளை என்பது பண்டு தேர்ச்சக்கரத்தையும் குறித்த சொல்லாயினும், இன்று கணித நூலார் திரண்டு நீண்ட வடிவத்திற்கே அதனை வழங்குகின்றனர். ஆதலால் உருளைப்புழு என்னும் பெயர் உவமைத்தொகையாய்ப் பொருந்துவதாகும்.

இவ்வடிவம் வாளா அமைந்ததன்று. புழுவின் உடற்சுவருக்கும் குடலுக்கும் இடையே நீர்மம் நிறைந்த ஒரு வெளி உண்டு. அதனைப் போலி உடற்குழி என்பர். உடலின் வெளிப்புறத்தை உறுதியான ஓர் உறை போர்த்திருக்கின்றது. உள்ளிருக்கும் நீர்மம் அவ்வுறையை எப்பக்கமும் ஒருபடித்தாக அழுத்துவதால் உடல் திரட்சி பெறுகின்றது. காற்றடைத்த மிதிவண்டிக் குழாய் திரண்டு நிற்பதுபோலக் கொள்க. இதன் உடற்சுவரில் நெடுக்குத் தசைகள் மட்டுமே உள. மண்புழுவிற்கு உள்ளதுபோல் வளையத் தசைகள் இல்லை. ஆகலின் இது மண்புழுவைப்போல் சுருங்கி நீண்டு ஊர்வதில்லை. சவுக்கு வீசுவதுபோல் வளைந்து நெளிகின்றது. வளரும் பருவத்தில் நான்குமுறை தன் உறையைக் கழற்றிப் புதிய உறை பூணுகின்றது. இச்செயலுக்குப் புதுச்சொல் தேடவேண்டுவதில்லை. பாம்பு சட்டையுரிக்கும் என நம் முன்னோர் கூறிவரும் சொல்லே இதற்கும் அமையும்.

1808-ஆம் ஆண்டில் ருடால்பி என்னும் அறிஞர் இவ்வினத்திற்கு நூல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் நெமட்டாய்டியா எனப் பெயரிட்டார். அதனைத் தழுவித் தமிழில் நூற்புழு என்பாரும் உளர். இதுவும் நல்ல பெயரே. எனினும் நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பதால், நூற்புழு என்று கேட்டவுடன் ஏட்டை அரிக்கும் புழுவும், தேர்வுக்காலத்து மாணவரும் நினைவுக்கு வருதல் கூடும். ஆகலின் இக்கட்டுரையில் உருளைப்புழு என்றே வழங்குவேன்.

நாக்குப்பூச்சி

ஆச்சி கூறிய நாக்குப்பூச்சி என்னும் பெயர்க்கு வருவோம். நம் ஊர்களிற் பல இடங்களில் வயிற்றிலுள்ள உருளைப்புழுவும், வயலிலுள்ள மண்புழுவும் ஆகிய இரண்டும் இப்பெயராலேயே வழங்கப்படுகின்றன. இஃது ஊராரின் அறியாமை என்று எள்ளுவாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். 1758-ஆம் ஆண்டில் உயிரினங்களுக்கு முறைப்படி இருசொற்பெயர் சூட்டிய லின்னேயஸ் இப்புழுவுக்கு இட்ட பெயர் அஸ்காரிஸ் லம்பிரிகாய்டஸ் என்பது. லம்பிரிகாய்டஸ் என்பதன் பொருள் 'மண்புழுவைப் போன்றது' என்பதாம். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் கண்ட ஒப்புமையையே நம் உழவரும் கண்டனர்.

அஸ்காரிஸ் என்னும் முதற்சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. அரிஸ்டாட்டில் குடற்புழுக்களைத் தட்டையானவை, திரண்டவை, அஸ்காரிடஸ் என மூவகையாகப் பகுத்தார். அவர் அஸ்காரிடஸ் என்றது சிறிய இழைபோன்ற புழுவை. பிற்காலத்தார் அப்பெயரைப் பெரிய புழுவுக்குச் சூட்டிவிட்டனர். 'திரண்டது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோ இன்று வேறு சில புழுக்களின் பெயரில் நின்று வழங்குகின்றது. பெயர் இடம் மாறி அமர்தல் தமிழுக்கு மட்டும் உரிய குற்றமன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் ஒப்புமை வேறு, ஒருமை வேறு. 1683-ஆம் ஆண்டில் எட்வர்டு டைசன் என்னும் ஆங்கில மருத்துவர் மனிதக் குடலிலிருந்து வந்த உருளைப்புழுவை அறுத்து ஆராய்ந்து, அது மண்புழுவின் வேறானது என விளக்கினார். மண்புழுவின் உடல் வளையம் வளையமாக அமைந்தது. உருளைப்புழுவிற்கு அவ்வளையங்கள் இல்லை. மண்புழு ஒன்றிலேயே ஆண்மையும் பெண்மையும் உள. நாக்குப்பூச்சியில் ஆண் வேறு, பெண் வேறு. மண்புழு உழவனின் நண்பன். நாக்குப்பூச்சி உண்ட சோற்றைப் பங்கிடும் பகைவன்.

பூச்சி என்னும் சொல்லைப்பற்றியும் ஒரு சொல். விலங்கியலார் ஆறு கால் உடைய உயிரையே பூச்சி என்பர். ஆகலின் குடலில் வாழ்வது பூச்சியன்று, புழுவே என்பர். இது முறையே. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. சட்டையுரிக்கும் உயிர்கள் யாவும் ஒரு பெருங்கிளையைச் சேர்ந்தவை என 1997-ஆம் ஆண்டில் மரபுப்பொருள் ஆராய்ச்சியால் ஒரு கொள்கை எழுந்தது. பின்னர் அதனைப் பெரும்பாலோர் ஏற்றனர். அதன்படி உருளைப்புழு மண்புழுவுக்கு உறவினன் ஆவதினும் வண்டுக்கும் எறும்புக்கும் நெருங்கிய உறவினன் ஆகின்றது. இதனைக்கொண்டு 'பூச்சி' என்றவரே அறிஞர் என வாதிடுதல் பொருந்தாது. அவர் அதனை எண்ணிக் கூறினாரல்லர். ஊர்ச்சொல்லை விரைந்து இகழ்தல் கூடாது என்பதற்கு மட்டும் இதனைச் சான்றாகக் கொள்க.

நாக்குப்பூச்சி என்னும் பெயர் தோற்றத்தைக் கூறுகின்றது. வந்த வழியைக் கூறவில்லை. 20 முதல் 35 செண்டிமீட்டர் வரை வளரும் பெண்புழு ஒருநாளில் ஏறத்தாழ 2 இலட்சம் முட்டையிடும். அவை மலத்தோடு வெளிப்பட்டு, ஈரமண்ணிற் சில வாரங் கிடந்து, கழுவாத கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் மீண்டும் வாயை அடைகின்றன. குடலில் முட்டை பொரிந்ததும் இளம்புழு அங்கேயே தங்குவதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் குருதியிற் கலந்து, கல்லீரல் கடந்து நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மீண்டும் குடலுக்கு வந்தே முதிர்கின்றது. ஜப்பானிய மருத்துவர் கொய்னோ என்பார் 1922-ஆம் ஆண்டில் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கித் தம் சளியில் இளம்புழுக்களைக் கண்டு இவ்வழியை மெய்ப்பித்தார். சில குழந்தைகளுக்கு இருமலுக்குப்பின் வயிற்றில் புழு காணப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

கீரிப்பூச்சியும் சாட்டைப்புழுவும்

இரவில் ஆசனவாயில் அரிப்பு உண்டாக்கிச் சிறாரின் உறக்கத்தைக் கெடுக்கும் சிறு வெண்புழுவைக் கீரிப்பூச்சி என்பர். கீரைப்பூச்சி என்பாரும் உளர். பின்னதைக் கேட்போர், கீரை உண்பதால் வருவது எனக் காரணம் கற்பித்துக் குழந்தைக்குக் கீரையை நிறுத்துதல் கூடும். இப்புழுவுக்கும் கீரைக்கும் தொடர்பில்லை. பெண்புழு இரவில் வெளிவந்து ஆசனவாயின் ஓரத்தில் முட்டையிடும். சொறிந்த விரலின் நகவிடுக்கிலும், படுக்கையிலும், ஆடையிலும் அம்முட்டைகள் தங்கி வாயை அடையும். வெட்டவேண்டுவது நகத்தை, விலக்கவேண்டுவது கீரையையன்று. ஓரெழுத்து வேற்றுமை ஒரு குழந்தையின் இலையிலிருந்து நல்லுணவை அகற்றிவிடுமாயின், சொல்லாராய்ச்சி வீண்தொழில் எனக் கூறுவார் யார்?

அறிஞரும் பெயரிடுவதிற் பிழைத்தனர் என்பதற்குச் சாட்டைப்புழு சான்றாகும். இதன் உடலில் ஒரு பாதி மயிர்போல் மெலிந்தும், மறுபாதி பருத்தும் இருக்கும். 1761-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த ரோடரர் மெலிந்த பகுதியை வால் எனக் கருதி, 'மயிர்வால்' என்னும் பொருள்பட டிரிக்கூரிஸ் எனப் பெயரிட்டார். பின்னர் நோக்கியபோது மெலிந்தது தலைப்பக்கம் என்பது தெரிந்தது. அப்பகுதியையே புழு குடற்சுவரிற் புதைத்து வாழ்கின்றது. எனவே 1782-ஆம் ஆண்டில் கோட்சே என்பார் 'மயிர்த்தலை' என்னும் பொருள்படப் புதுப்பெயர் தந்தார். ஆயினும் முதலில் இட்ட பெயரே நிற்கவேண்டும் என்பது உயிர்நூலார் விதி. அவ்விதியால் பிழைபட்ட பெயர் இன்றும் வாழ்கின்றது. தமிழ்ப்பெயருக்கு இவ்விடர் இல்லை. பருத்த பிடியும் மெலிந்த நுனியும் உடைய சாட்டைக்குத் தலை எது, வால் எது என யாரும் வினவுவதில்லை. உவமை நன்கு அமையின் பிழைக்கு இடமின்றாம்.

கொக்கிப்புழு

கொக்கிப்புழு என்னும் தொகையை இருவாறாக விரிக்கலாம். 'கொக்கியையுடைய புழு' என விரிப்பின் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம். 'கொக்கி போன்ற புழு' என விரிப்பின் உவமைத்தொகையாம். வகுப்பில் பலரும் முன்னதையே கொண்டு, இப்புழுவின் வாயிற் கொக்கிகள் உள்ளன என எண்ணியிருந்தோம். உண்மையில் இதன் முன்முனை பின்னோக்கி வளைந்து கொக்கிபோல் தோன்றும். வாயில் இருப்பன, ஓரினத்தில் பற்கள். மற்றோரினத்தில் வெட்டும் தகடுகள். ஆகலின் உவமைத்தொகையாகக் கொள்வதே நேரிது. முன்னதை இத்தாலிய மருத்துவர் டுபினி 1838-ஆம் ஆண்டில் கண்டு, 'வளைந்த வாய்' என்னும் பொருள்பட அங்கிலோஸ்டோமா எனப் பெயரிட்டார். பின்னதை அமெரிக்க அறிஞர் ஸ்டைல்ஸ் 1902-இல் விளக்கினார். அதன் பெயர் நெக்கேட்டர், அஃதாவது கொலைஞன் என்பதாம்.

ஆனால் இத்துணைப் பெயரும் வாயைப் பற்றியனவே. புழு உடலிற் புகும் வழியோ பாதம். இதனைக் கண்டறிந்த வரலாறு வியப்பானது. 1898-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் அறிஞர் இளம்புழுக்கள் கலந்த நீரைக் கையாளுகையில், சில துளி அவர் கைமேற் சிந்தியது. சிந்திய இடம் சிவந்து அரித்தது. பின்னர்த் தம் மலத்திலேயே அப்புழுவின் முட்டைகளைக் கண்டார். இளம்புழு தோலைத் துளைத்தே உட்புகும் என்பது அதனால் தெளிவாயிற்று. செருப்பின்றி ஈரமண்ணில் நடப்பவனே இதற்கு இரையாகின்றான். குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சுவதால் சோகை உண்டாகின்றது, உழைப்பவன் சோர்கின்றான், சோர்ந்தவனைச் சோம்பேறி என்கின்றது உலகம்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரிடையே இந்நோய் மிக்கிருந்தது. 1916-ஆம் ஆண்டு முதல் அங்கே ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை மேற்கொண்டனர். மருந்து கொடுத்தல் எளிதாயிற்று; கழிப்பிடம் அமைத்தலே அரிதாயிற்று. கழிப்பிடம் இன்றேல் மருந்துண்டவன் மறுபடியும் அம்மண்ணையே மிதிப்பான் அன்றோ?

நரம்புச்சிலந்தியும் யானைக்காலும்

பண்டு குளத்துநீரும் படிக்கிணற்று நீரும் உண்டார்க்குக் காலில் ஒரு கொப்புளம் எழுந்து, அது உடைந்து, வெண்ணிற இழை ஒன்று நாளுக்குச் சிறிதாக வெளிவரும். இதனை நரம்புச்சிலந்தி என்றனர். சிலந்தி என்பது எட்டுக்காற் பூச்சியையேயன்றிப் புண்கட்டியையும் குறிக்கும். ஆகலின் நரம்பு வெளிப்படும் கட்டி என்பதே இப்பெயரின் பொருளாகும். அரபு மருத்துவரும் இதனை மதீனா நரம்பு என்றே அழைத்தனர். ஐரோப்பியரோ பாம்பெனக் கண்டு, 'சிறு நாகம்' என்னும் பொருள்பட டிரகங்குலஸ் என்றனர். எண்ணாகமத்தில் இஸ்ரவேலரை வனாந்தரத்தில் வருத்திய பாம்புகள் இப்புழுவே எனக் கருதுவாரும் உளர். அது துணிந்து கொள்ளத்தக்கதன்று.

இவ்விழை நரம்புமன்று, பாம்புமன்று. ஒரு மீட்டர் வரை நீளக்கூடிய பெண் உருளைப்புழு. 1870-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் பெட்செங்கோ, நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிரின் உடலில் இதன் இளம்புழு வளர்தலைக் கண்டார். அந்நீரைப் பருகுவோர்க்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கொப்புளம் தோன்றும். நரம்பென்று நினைத்தவரை தன் உடலின் பகுதியாகவே அதனை மனிதன் கருதியிருந்தான். நீரில் வந்த புழு என்று அறிந்தபின் துணியால் நீரை வடிகட்டினான். வேறு மருந்தும் தடுப்பூசியும் இன்றியே நோய் ஒடுங்கலாயிற்று. இந்தியாவில் இறுதி நோயாளி காணப்பட்டது 1996-ஆம் ஆண்டில். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது. 1986-ஆம் ஆண்டில் உலகில் 35 இலட்சம் பேரை வருத்தியதாக மதிக்கப்பட்ட இந்நோய் 2023-ஆம் ஆண்டில் 14 பேரிடமே காணப்பட்டது. இனி நரம்புச்சிலந்தி என்னும் சொல் அகராதியில் மட்டும் வாழுமாயின் அதற்காக வருந்துவார் இலர்.

யானைக்கால் என்பது உவமைபற்றி எழுந்த பெயர். மேனாட்டாரும் இதனை யானையாலேயே பெயரிட்டனர். ஆனால் இப்பெயர் நோயின் இறுதியைக் கூறுகின்றது, தொடக்கத்தைக் கூறவில்லை. இழைபோன்ற உருளைப்புழு நிணநீர்க் குழல்களில் பல்லாண்டு மறைந்து வாழ்ந்தபின்னரே கால் பருக்கின்றது. 1872-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் லூயிஸ் என்பார் நோயாளரின் குருதியில் இதன் நுண்ணிய இளம்புழுவைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் பாங்கிராப்டு முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877-இல் சீனத்தில் மான்சன் கொசுவின் உடலில் அது வளர்தலைக் கண்டார். இவர்க்கு முன்னரே 1866-இல் பிரேசிலில் இளம்புழுவைக் கண்ட வூக்கரர் பெயரும் பாங்கிராப்டு பெயரும் சேர்ந்து புழுவின் பெயராயின. இலங்கை 2016-ஆம் ஆண்டில் இந்நோயை நாட்டின் பொதுநலச் சிக்கல் அல்லாதவாறு ஒழித்ததெனச் சான்று பெற்றது. யானைக்கால் என்னும் பெயர் நோயாளியை நாணச் செய்ததேயன்றிக் கொசுவைக் காட்டித் தரவில்லை. தோற்றத்தை மட்டும் கூறும் பெயரின் குறை இதுவாம்.

ஓம்புயிர் என்னும் சொல்

புழுவைத் தன்னுடலில் தாங்கும் உயிரை நூல்களில் ஓம்புயிர் என்றும் விருந்தோம்பி என்றும் எழுதுகின்றனர். விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக வகுத்த திருவள்ளுவர் காலத்திலிருந்து விருந்து என்பது முகமலர்ந்து ஏற்கும் புதியவரைக் குறிக்கும். அழையாது புகுந்து குருதி குடிப்பதை விருந்தென்றல் தமிழ்ச் செவிக்கு ஒவ்வாது. ஓம்புயிர் என்பதிலும் விரும்பிக் காத்தல் என்னும் குறிப்பு உண்டெனினும், வழக்கு மிகுந்துவிட்டமையால் அதனை ஏற்கலாம். புழுவை ஒட்டுண்ணி என்பது மிகப் பொருத்தம். ஒட்டி உண்ணுதல் என்னும் இரு தொழிலையும் அச்சொல் ஒருங்கே உரைக்கின்றது.

உருளைப்புழு யாவும் ஒட்டுண்ணி என்று கருதிவிடலாகாது. மண்ணிலும் கடலடியிலும் தனித்து வாழ்வன எண்ணிறந்தன. அவற்றுள் ஒரு மில்லிமீட்டர் அளவினதாகிய சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பதன் பெயரில் 'நேர்த்தியுடையது' என்னும் அடை உளது. அதன் வளர்ந்த உடலில் 959 உயிரணுக்களே உள. அவற்றுள் 302 நரம்பணுக்கள். உறுப்புகளின் வளர்ச்சியையும் உயிரணுக்கள் திட்டமிட்டபடி மடிதலையும் மரபணுக்கள் ஆளும் முறையை ஆய்ந்தறிந்த பணிக்காக பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் ஆகிய மூவர்க்கு 2002-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. புழுவென்று இகழப்பட்டது ஆசிரியனாகி நின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஊரார் இட்ட பெயரும் அறிஞர் இட்ட பெயரும் ஆகிய இரண்டிலும் மெய்யும் உண்டு, பிழையும் உண்டு. கலைச்சொல் ஆக்குவோர் அயற்சொல்லை மட்டும் நோக்காமல் பொருளையும் நோக்கவேண்டும். பொருளை நோக்கியபின் ஊரார் அதனை யாதென அழைக்கின்றனர் என வினவவும் வேண்டும். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவன் கற்றல் வேண்டும் என்பதை அயலார் ஒருவர் உணர்ந்து செய்தார். நாம் அதனின் குறைவாகச் செய்தல் முறையோ?

ஆகலின், மக்களுக்கென எழுதும் அறிக்கையில் 'நாக்குப்பூச்சி என்னும் உருளைப்புழு' என இரு பெயரையும் ஒட்டி எழுதுக. இருபெயரொட்டுப் பண்புத்தொகையைப் போல, பொதுவும் சிறப்பும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும். முன்னதைக் கேட்டுத் தாய் அறிவாள். பின்னதைக் கற்று மகன் அறிவான். பெயரோடு வழியையும் ஒருவரியிற் சேர்த்தெழுதுக: இது கழுவாத கையால் வருவது, இது வெறுங்காலால் வருவது என.

அன்று அச்சிற்றூரில் அந்த ஆச்சி திரும்பி வந்தார். குறித்த நாளில் பேரனும் மாத்திரையைச் சுவைத்து விழுங்கினான் என்று பின்னர் அறிந்தோம். அவர் வாய்விட்டு வினவியமையால் எம் பிழை வெளிப்பட்டது. அறிக்கையைக் கேட்டு, அது நம் பிள்ளைக்கன்று என எண்ணி, ஒன்றும் வினவாமல் எழுந்து சென்றோர் அக்கூட்டத்தில் எத்துணையர் என்பதை யாம் அறியோம். அவர்களை நினைந்தே இதனை எழுதலானேன்.